மூன்று விரற்கடை

ஆவுடையப்பன் ஞானதுரையைக் கடைசியாக உயிரோடு பார்த்தது பாளையங்கோட்டை பேருந்து நிலையத்தில், ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு. பாதி இருக்கைகள் காலியாகக் கிடந்த டவுன் பஸ்ஸுக்குள் ஞானதுரை வலது கையால் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, குதிகால் இரண்டும் தரையில் படாமல், நாற்பத்தோரு வருடங்களாக எப்படி நின்றானோ அப்படியே நின்றுகொண்டிருந்தான். அந்தத் தடத்தில் ஓடுகிற கண்டக்டர்கள் யாரும் அவனை உட்காரச் சொல்வதில்லை. எல்லோரும் ஒருமுறை சொல்லிப் பார்த்து விட்டவர்கள். பஸ் உறுமிக் கிளம்பும்போது அவன் குனிந்து, ஜன்னலுக்கு வெளியே நின்ற ஆவுடையப்பனிடம், கையில் ரொம்ப நாளாக வைத்திருந்த எதையோ கொடுத்துவிட்டுப் போகிறவன் மாதிரிச் சொன்னான்.

“அண்ணாச்சி, அது கெடக்கட்டும். யாரும் அதுல கை வைக்காண்டாம்.”

இவனுக்குத் தெரிந்திருக்கிறது, மூன்று விரற்கடை விஷயம் இவனுக்குத் தெரிந்திருக்கிறது, தெரிந்துகொண்டேதான் இத்தனை வருடமும் தன்னிடம் சிரித்துப் பேசியிருக்கிறான் என்று நினைத்தார் ஆவுடையப்பன். அன்றைக்கு எப்படியும் அதை அவனிடம் சொல்லிவிடுவது என்றுதான் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். வாயைத் திறப்பதற்குள் பஸ் திரும்பிவிட்டது. பின்கண்ணாடி வழியாக, உட்கார்ந்திருந்த தலைகளுக்கெல்லாம் மேலே, மணிக்கட்டு முன்னால் மடிந்த அந்தக் கை மட்டும் முக்குத் திரும்பும்வரை தெரிந்தது.

ஞானதுரை ‘அது’ என்றது ஒரு கூடைப்பந்தை. பல்கலைக்கழகத்தின் பழைய மைதானத்தில், வடக்கு வளையத்துக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில், எழுபத்தெட்டாம் வருடம் பிப்ரவரி பதினொன்றாம் தேதி சாயங்காலம் ஐந்தேமுக்கால் மணியிலிருந்து அது ஆகாயத்தில் நின்றுகொண்டிருந்தது.

அந்தப் பல்கலைக்கழகத்தை உடைமரமும் ஓணானும் தவிர வேறெதுவும் இல்லாத பொட்டலில்தான் கட்டினார்கள். கட்டடம் எழும்புவதற்கு முன்னாலேயே அங்கே கூடைப்பந்து வந்துவிட்டது, ஏனென்றால் உடற்கல்விக்கு என்று வந்து சேர்ந்த ஹென்றி மாஸ்டர் தன் பெட்டி படுக்கையோடு இரண்டு இரும்பு வளையங்களையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். முதல் மைதானம் லாரியில் கொண்டுவந்து கொட்டிய செம்மண். தண்ணீர் தெளித்து, உருளை இழுத்து, காயவிட்டு ஆடினார்கள். விழுந்து எழுந்த முழங்காலும் வெள்ளைச் சட்டையும் சிவந்து, எத்தனை முறை வெளுத்தாலும் அந்தச் சிவப்புப் போகாமல், கடைசியில் அணியின் நிறமே செங்காவி என்று ஆகிப்போனது. முதல் வருடம் ஒன்பதுக்கு ஐம்பத்துநாலு என்று தோற்றார்கள். இரண்டாம் வருடம் பஸ் வழியில் நின்றுவிட, ஆட்டத்துக்கே போய்ச் சேரவில்லை. ஆறாம் வருடம் ஒரு ஆட்டம் ஜெயித்தார்கள், அன்றைக்குத் துணைவேந்தர் எல்லோருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தார். பத்தாம் வருடம் செம்மண்மேல் சிமெண்டுத் தரை வந்தது, அதன்பிறகு முழங்கால்கள் சிவப்பதற்குப் பதிலாகத் தேய்ந்தன. ஜெயித்த வருடமோ தோற்ற வருடமோ, ஒவ்வொரு வருடக் கடைசியிலும் குழுப்படம் மட்டும் தவறாமல் எடுத்தார்கள்: நாற்காலியில் பெரியவர்கள், பின்னால் பிள்ளைகள், கேப்டனின் காலடியில் அந்த வருடத்தின் எண்ணை வெள்ளைப் பெயின்டால் எழுதிய பந்து.

எண்ணை எழுதுவது மார்க்கரின் வேலை. மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுகிறவரும், பந்துக்குக் காற்றடிக்கிறவரும், கிழிந்த வலையைப் பின்னுகிறவரும் மார்க்கர்தான், அந்த வேலைக்கு ஆவுடையப்பன் இருபது வயதில் வந்தார். எட்டாம் வகுப்போடு நின்றவர். ஆனால் ஹென்றி மாஸ்டர் மேசையில் கிடந்த இங்கிலீஷ் விதிப்புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு சொல் சொல்லாகப் படித்து, மூன்று வருடத்தில் மாஸ்டரே சந்தேகம் கேட்கிற ஆளாகிவிட்டார்.

மாஸ்டரிடம் சொல்லிக்கொடுப்பதற்கு ஒரே பாடம்தான் இருந்தது. பந்தை விட்ட பிறகு, அது வளையத்தை அடையும்வரை, விட்ட கை விட்டபடியே மேலே நிற்க வேண்டும், மணிக்கட்டு மடிந்து, விரல்கள் வளையத்தைப் பார்த்து. யார் முன்னாலேயே கையை இறக்கினாலும் மைதானத்தைச் சுற்றிப் பத்து ஓட்டம். “பந்து எறங்குற வரைக்கும் கை எறங்கப்படாது” என்று அவர் காலையும் மாலையும் சொல்லிச் சொல்லி, அந்த ஊர்ப் பக்கம் குப்பைக்கூடையில் காகிதத்தைச் சுருட்டி எறிந்துவிட்டுக் கையைத் தூக்கியபடி நிற்கிறவனைப் பார்த்தால், இவன் பல்கலைக்கழக அணியில் ஆடினவன் என்று கண்டுகொள்ளலாம். அந்தப் பாடத்தை எலும்புவரைக்கும் வாங்கிக்கொண்டவன் ஞானதுரை. கணக்குப் படிக்க வந்தவன், ஒல்லி, அதிகம் பேசமாட்டான், எறிந்தால் கை மரம் மாதிரி நிற்கும்.

எழுபத்தெட்டில் தென்மண்டலப் போட்டியை நடத்தும் முறை இவர்களுக்கு வந்தது. மழைத்தண்ணீர் தேங்குகிற தரையை வைத்துக்கொண்டு எப்படி நடத்துவது என்று பழைய சிமெண்டுமேல் இன்னொரு பூச்சு போட்டார்கள், மூன்று விரற்கடை கனத்துக்கு. தரை உயர்ந்தால் வளையத்தையும் அதே அளவு உயர்த்த வேண்டும். பதினாலு நாள் சாக்கு விரித்துத் தண்ணீர் கட்டி, பூச்சு இறுகின பிறகு, ஆவுடையப்பன் ஏணியைப் போட்டுத் தெற்குப் பலகையில் மூன்று விரற்கடை மேலே நான்கு புதுத் துளை போட்டு வளையத்தை ஏற்றிப் பூட்டினார். வடக்குப் பலகையில் முதல் துளை பாதி இறங்கும்போது துளைபோடுகிற ஊசி முறிந்தது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, டவுனில் கடை இல்லை. கீழே இறங்கினால் வெளியூர் அணிகள் வந்து இறங்குகின்றன, கட்டில் போதவில்லை, வாளி போதவில்லை, ஹென்றி மாஸ்டர் இரண்டு கையிலும் தலையணையோடு ஓடிக்கொண்டே கேட்டார், ரெண்டு பக்கமும் ஆச்சா என்று.

“ஆச்சு மாஸ்டர்” என்றார் ஆவுடையப்பன்.

நாளைக் காலையில் முதல் வேலையாக முடித்துவிடலாம் என்ற எண்ணத்தில் சொன்ன சொல். காலையில் மைதானம் நிறைய ஆட்கள். மறுநாளும் ஆட்கள். வடக்கு வளையத்தில் எல்லோருக்கும் பந்து தாராளமாக விழுந்தது, ராசியான வளையம் என்று வெளியூர்ப் பிள்ளைகள் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள், அவரும் கோடு போடுவதிலும் கொடி கட்டுவதிலும் மறந்தே போனார்.

இறுதி ஆட்டம் மேற்குக் கடற்கரையிலிருந்து வந்த அணியோடு. அவர்கள் கேப்டன் குரியன் பனை உயரம். நம் கேப்டன் சாகுல், மேலப்பாளையத்துப் பையன், குள்ளம், ஆனால் பந்து அவன் கையில் நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே வரும். முதல் பாதியில் வடக்கு வளையம் அவர்களுக்கு, இரண்டாம் பாதியில் நமக்கு. முடிய மூன்று வினாடி இருக்கும்போது அறுபத்தொன்பதுக்கு அறுபத்தெட்டு என்று ஒரு புள்ளி பின்தங்கி நின்றோம். சாகுல் தட்டிவிட்ட பந்து ஞானதுரையிடம் வந்தது, அவன் எழும்பி எறிந்தான், பந்து கையை விட்ட பிறகுதான் மணி அடித்தது, பந்து மேலே போனது, போகிற வழியில் அதன்மேல் ஆவுடையப்பன் எழுதிய எண் இரண்டு தரம் சுழன்று தெரிந்தது, உச்சிக்குப் போய்க் கொஞ்சம் இறங்கினது, நின்றுவிட்டது.

விதிப்புத்தகத்தில் தெளிவாக இருக்கிறது: கடைசி மணி அடிக்கும்போது பந்து எறிந்தவன் கையை விட்டிருந்தால், அது விழுந்து முடியும்வரை ஆட்டம் முடிந்ததாகாது. நடுவர் சேஷகிரி மதுரைக்காரர், விதியிலிருந்து நூலளவு விலகமாட்டார். விசிலை வாயில் வைத்தபடி ஆறு மணிவரை அண்ணாந்து நின்றார். ஆறரைக்கு விளக்குப் போடச் சொன்னார். மற்ற ஒன்பது ஆட்டக்காரர்களும் வளையத்துக்குக் கீழே, பந்து எங்கே விழுந்தாலும் பிடிக்கிற தோதில் முழங்காலை மடக்கி நின்றார்கள்; ஞானதுரை கையை இறக்கவில்லை. ஏழரைக்குச் சாம்பார் ஆறிப்போகிறது என்று விடுதிச் சமையல்காரர் வந்து சொன்ன பிறகு, சேஷகிரி விசிலை எடுத்துவிட்டு அறிவித்தார்: ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது, எல்லோரும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம், பந்து உயிரோடு இருப்பதால் ஆள் மாற்ற மட்டும் அனுமதி இல்லை.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதம்தான் சொல்லத்தக்கது. முதல் வாரம் சுற்றுவட்டாரத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டு, பந்து கொஞ்சம் சின்னதாக இருக்கிறதே என்று குறை சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டாம் மாதம் மைதானத்து வாசலில் பந்தடி டீக்கடை என்று ஒன்று முளைத்தது. இயற்பியல் துறையில் ஒருவர் அதை ஆராய்ந்து பட்டம் வாங்க ஆறு வருடம் முயன்று, பிறகு காற்றாலைப் பக்கம் போய்விட்டார். அரியர் வைத்த பிள்ளைகள் தேர்வுக்கு முந்தின நாள் அதன் நிழலை மிதிக்காமல் மூன்று சுற்று சுற்றினால் பாஸாகிவிடலாம் என்று ஒரு வழக்கம் வந்தது. நண்பகலில் நிழல் எங்கே விழுகிறது என்று தெரியாமல் மிதித்துத் தொலைத்தவர்கள், தோற்றதற்குக் காரணம் கிடைத்த நிம்மதியில் வீட்டுக்குப் போனார்கள். ஒரு வருடம் மைனா ஒன்று பந்தின்மேல் கூடு கட்டப் பார்த்தது. ஆட்டத்தில் குறுக்கிடலாகாது என்று ஆவுடையப்பன்தான் நாள் முழுக்கக் கீழே நின்று கையைத் தட்டி அதை விரட்டினார்.

பல்கலைக்கழகமும் தன் வழியில் பழகிக்கொண்டது. அந்த மைதானத்தில் ஆட்டம் நடந்துகொண்டிருப்பதால் வேறு ஆட்டம் நடத்த முடியாது என்று பக்கத்தில் இன்னொரு மைதானம் போட்டார்கள். எழுபத்தெட்டின் ஐந்து பேர் இன்னும் வெளியே வரவில்லை, ஆள் மாற்றவும் முடியாது, ஆகவே அதற்குப் பிறகு வந்த நாற்பத்தோரு அணிகளுக்கும் சான்றிதழில் ‘மாற்று ஆட்டக்காரர்’ என்றுதான் எழுதிக்கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகள் இரண்டு முறை மண்டலக் கோப்பையை வாங்கினார்கள், ஒருமுறை வடக்கே போய் அரையிறுதி ஆடினார்கள், பெண்கள் அணி வந்து ஆண்களைவிட நன்றாகவே ஆடியது. எல்லோரும் மாற்று ஆட்டக்காரர்கள். பல்கலைக்கழகக் கையேட்டில் அணியின் சரித்திரம் வருடவாரியாக வரும். எழுபத்தேழு, இரண்டாம் இடம். எழுபத்தெட்டு, நடந்துகொண்டிருக்கிறது. எழுபத்தொன்பது, கால் இறுதி. உடற்கல்வித் துறைச் சுவரில் குழுப்படங்கள் வரிசையாகத் தொங்குகிற இடத்தில் எழுபத்தெட்டுக்கு ஆணி மட்டும் இருந்தது, காலடியில் வைக்கப் பந்து இல்லாததால் அந்த வருடம் படம் எடுக்கவில்லை.

நடந்துகொண்டிருக்கிற ஆட்டத்திலிருந்து போன அந்தப் பத்துப் பேர்தான் பழகிக்கொள்ள முடியாமல் போனவர்கள். அவர்களால் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் கால் தானாக எழுப்பிவிட்டது. சாகுல் துணிக்கடை வைத்தான், கல்லாவுக்குப் பின்னால் நாற்காலி போடாத கடை அது ஒன்றுதான். ஒருவன் போலீஸில் சேர்ந்து, எந்நேரமும் தயாராக நிற்கிறவன் என்று பதக்கம் வாங்கினான். ஒருவன் மணமேடையில் நின்றபடியே தாலி கட்டினான், பெண் வீட்டார் அதை அவமரியாதை என்று எடுத்துக்கொண்டு பத்து வருடம் பேசவில்லை. மலையாளக் கரையில் குரியன் ரப்பர்த் தோட்டத்தில் நாள் முழுக்க நடந்துகொண்டே இருந்தான். படுத்தால் தூக்கம் வரும், ஆனால் தூக்கத்தில் பாதங்கள் பக்கவாட்டில் தத்திக்கொண்டே இருக்கும். அவர்கள் மனைவிகள் எல்லோரும் தனிப் பாயில் படுத்தார்கள். ஒரு ஊரில் நிலைக்காமல், ஒரு வேலையில் அமராமல், பேசும்போது முகத்தைப் பார்க்காமல் முகத்துக்கு மேலே பார்த்துக்கொண்டு, பத்துப் பேரும் எதற்கோ கூப்பிடப்போகிறார்கள் என்று காத்திருக்கிற மாதிரியே வயதானார்கள். ஞானதுரை பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரானான். அவன் எழுதுகிற கணக்கெல்லாம் கரும்பலகையின் உச்சியில்தான் இருக்கும். முன்வரிசைப் பிள்ளைகளுக்குக் கழுத்து வலி. இரவில் தூங்கும்போது அவன் வலது கை எழும்பி நிற்கும் என்று அவன் மனைவி ஜெபக்கனி ஆரம்பத்தில் டாக்டரிடம் காட்டிவிட்டு, பிறகு அந்தக் கையில் கொசுவலையின் ஒரு முனையை மாட்டிக்கொண்டாள்.

இதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேள்விப்படக் கேள்விப்பட ஆவுடையப்பனுக்கு உள்ளே ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. பந்து நின்ற அந்தக் கணத்திலேயே அவருக்கு வடக்கு வளையம் ஞாபகம் வந்துவிட்டது. பந்து ஏன் நிற்கிறது என்று அவருக்கு மட்டும் சந்தேகமே இல்லை. பத்தடி உயர வளையத்துக்கு என்று பழகின கையிலிருந்து கிளம்பின பந்து, வளையம் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாததைப் பார்த்து, வந்து சேரட்டும் என்று நிற்கிறது. ஏற்றிவிட்டால் இறங்கிவிடும். ஆனால் ஆட்டம் நடக்கும்போது வளையத்தைத் தொடக்கூடாது என்றும் விதி இருக்கிறது, ஏன் தொடுகிறாய் என்று கேட்டால் ‘ஆச்சு மாஸ்டர்’ என்று சொன்னதையும் சொல்ல வேண்டும். ஹென்றி மாஸ்டர் இருக்கிறவரை சொல்ல முடியாது என்று தள்ளினார். மாஸ்டர் போன பிறகு, பென்ஷன் வாங்கும்வரை என்று தள்ளினார். சேஷகிரி வருடாவருடம் பிப்ரவரி பதினொன்றாம் தேதி மதுரையிலிருந்து வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார். கண் மங்கின வருடம் விசிலைக் கழற்றி ஆவுடையப்பன் கழுத்தில் மாட்டி, விழும்போது யார் இருக்கிறீர்களோ ஊதுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் அது கழுத்தில் கல்லாகக் கனத்தது.

வீட்டில் பேச்சியம்மாளிடம் மட்டும் அவர் சொல்லியிருந்தார். அவள் கேட்டுவிட்டு, அரிசி களைந்த தண்ணீரை மாட்டுக்கு ஊற்றிவிட்டு வந்து, “போயி ஏத்திட்டு வாங்க” என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப் பற்றி வேறெதுவும் பேசினதில்லை. ஆனால் தினமும் அவர் சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே வரும்போது, செம்பில் தண்ணீர் நீட்டிக்கொண்டே கேட்பாள்.

“எறங்கிட்டா?”

“இல்ல.”

ஊரில் எல்லோரும் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான் அது, பஸ் வந்துவிட்டதா என்பது போல. அவள் கேட்பது மட்டும் வேறு என்று அவருக்குத் தெரியும். முப்பத்தாறு வருடம் அவள் கேட்டாள், அவர் இல்லை என்றார். ஒரு பங்குனி மத்தியானம், மூச்சு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவள், அவர் வெளியே போய் இளநீர் வாங்கிக்கொண்டு வந்ததும், வீட்டுக்கு வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு அதையே கேட்டாள். அவர் இல்லை என்றார். இளநீர் குடிக்காமலே போய்விட்டாள். அதன்பிறகு வீட்டுக்குள் நுழைகிறபோது யாரும் எதுவும் கேட்காத அந்த வாசலை அவரால் தாங்க முடியவில்லை. பாதி நாள் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு மைதானத்துக்கே போய் நின்றார்.

ஞானதுரை இறந்த செய்தி பஸ் நிலையத்தில் பார்த்ததற்கு ஒன்பதாம் நாள் வந்தது. பத்துப் பேரில் முதலில் போனவன் அவன். காலையில் கொடியில் துண்டு காயப்போட்டுக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்தானாம். ஆவுடையப்பன் பாளையங்கோட்டை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது தெருவெல்லாம் ஆட்கள் நின்றார்கள். உள்ளே பெட்டியில் ஞானதுரை வெள்ளைச் சட்டையோடு கிடந்தான், வலது கை மட்டும் பெட்டிக்கு மேலே, தோளிலிருந்து நேராக எழும்பி, மணிக்கட்டு மடிந்து நின்றது. நான்கு பேர் சேர்ந்து அழுத்திப் பார்த்துவிட்டார்கள். வெந்நீர்த் துணி சுற்றிப் பார்த்துவிட்டார்கள். மூடியில் ஒரு துளை போட்டுவிடலாம் என்றான் பெட்டி செய்தவன். துளை வழியாகக் கை நீட்டிக்கொண்டிருக்கிறவனை எப்படி மண்ணுக்குள் வைப்பது என்று போதகர் கேட்டார். முழங்கை முட்டியில் ஒரு தட்டுத் தட்டினால் போதும் என்று உறவுக்காரர் ஒருவர் மெல்லச் சொன்னதற்கு, ஜெபக்கனி எழுந்து போய்ப் பெட்டியின் தலைமாட்டில் நின்றுகொண்டாள், அந்த மனிதர் வெளியே போய்விட்டார். நாலு மணிக்கு அடக்கம். மணி பன்னிரண்டே முக்கால்.

சாகுல் வந்திருந்தான். எழுபத்தெட்டின் மற்ற மூன்று பேரும் வந்திருந்தார்கள். காலையில் செய்தி கேட்டதும் குரியன் தன் அணியில் இன்னொருவனைக் கூட்டிக்கொண்டு செங்கோட்டை வழியாகக் காரிலேயே நின்றுகொண்டு வந்திருந்தான். அதற்காக மேல் திறக்கிற கார் வைத்திருந்தான். ஆறு பேரும் நரைத்த தலையோடு சுவரோரமாக முழங்காலை மடக்கித் தத்திக்கொண்டு, அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவன் முகத்திலும் தன் சாவு எப்படி இருக்கும் என்கிற கணக்கு ஓடியது.

ஆவுடையப்பன் பெட்டியருகே போய் நின்று, யாரையும் பார்க்காமல், அந்தக் கையைப் பார்த்துச் சொன்னார். தரை உயர்ந்தது, தெற்கே ஏற்றினது, வடக்கே ஊசி முறிந்தது, மாஸ்டர் கேட்டது, தான் சொன்னது. கூட்டல் கழித்தல் எதுவும் இல்லாமல் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டார். நாற்பத்தோரு வருடம் தூக்கிக்கொண்டு திரிந்தது ஐந்து நிமிடத்துக்குத்தான் வந்தது.

பிறகு சாகுல் சுவரை விட்டு வந்தான்.

“எம் பிள்ளையள ஒரு நாள் மடியில வச்சதில்ல அண்ணாச்சி” என்றான். “பேரப்பிள்ளையும் வந்துட்டு. நின்னுக்கிட்டே தூக்கிட்டு நின்னுக்கிட்டே எறக்கி விடுதேன்.”

அடிப்பான் என்று ஆவுடையப்பன் எதிர்பார்த்தார், அடித்தால் நல்லது என்றும் நினைத்தார். சாகுல் அடிக்கவில்லை. ஜெபக்கனி புருஷன் கையை ஒரு தரம் தொட்டுவிட்டுத் திரும்பினாள்.

“போயி ஏத்திட்டு வாங்க அண்ணாச்சி” என்றாள்.

அதே சொல். பேச்சியம்மாள் குரலில் வந்த மாதிரியே இருந்தது. ஆவுடையப்பனுக்கு அப்போதுதான் கண் கலங்கியது.

ஆனாலும் விதி விதிதான். வாசலில் செருப்பு மாட்டும்போது அவர் குரியனிடம் கேட்டார், ஆட்டம் நடக்கும்போது வளையத்தைத் தொடுவதற்கு எதிரணி சம்மதிக்க வேண்டுமே, சம்மதமா என்று. குரியன் அண்ணாந்துகொண்டே யோசித்தான்.

“ஃபர்ஸ்ட் ஹாஃப் நாங்களும் அந்த ரிங்கிலல்லே போட்டது” என்றான். “ஏத்துங்கோ சேட்டா. எனிக்கு ஒண்ணு இரிக்கணும், உட்காரணும்.”

இரண்டு காரில் போனார்கள். பழைய மைதானம் வெயிலில் வெளிறிக் கிடந்தது, விரிசல்களில் புல். டீக்கடைக்காரர் விஷயம் கேட்டு அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். வகுப்புகள் ஒவ்வொன்றாகக் காலியாகி, வேலியைச் சுற்றிப் பிள்ளைகள் சேர்ந்தார்கள், அந்த வருடத்து மாற்று ஆட்டக்காரர்களும் சட்டையில் எண்ணோடு வந்து நின்றார்கள். ஆவுடையப்பன் அறுபத்தேழு வயதில் ஏணி ஏறினார். முறிந்த ஊசியோடு அன்றைக்குப் பாதி போட்ட துளை அங்கேயே இருந்தது, குளவி மண் வைத்து மூடியிருந்தது. அதைத் தட்டிவிட்டு, ஊசித் துண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்தத் துளையிலிருந்தே ஆரம்பித்தார். பலகை இறுகிப்போயிருந்தது. ஒரு துளைக்குப் பத்து நிமிடம் பிடித்தது. நாலாவது துளை முடியும்போது மணி இரண்டு. தலைக்கு மேலே கை எட்டாத தூரத்தில் பந்து, பெயின்ட் உதிர்ந்து ஏழு மட்டும் வாசிக்கிற மாதிரி இருந்தது. துருப்பிடித்த பழைய போல்ட்டை அறுத்தெடுத்து, வளையத்தைத் தோளில் தாங்கி, மூன்று விரற்கடை ஏற்றி, ஒவ்வொன்றாக முடுக்கினார்.

கீழே யாரும் யாருக்கும் சொல்லாமலே, அந்த ஆறு பேரும் அன்றைக்கு அவரவர் நின்ற இடத்தில் போய் நின்றிருந்தார்கள், வேட்டியும் கறுப்புத் துணிப் பட்டையுமாக. ஞானதுரை எறிந்த இடம் காலியாக இருந்தது. யாரும் அதை மிதிக்கவில்லை.

நாலாவது போல்ட் இறுகினது. பந்து இறங்கியது.

முன்விளிம்பில் பட்டது. அதை ஆவுடையப்பன் முகத்துக்கு ஒரு முழத்தில் பார்த்தார். விளிம்பின் மேல்பகுதியில், உள்ளே சாய்கிற மாதிரி ஒரு நொடி நின்று, பிறகு வெளியே சாய்ந்தது. வளையம் மூன்று விரற்கடை கீழே இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் முன்னால் போகப் பந்துக்கு இடம் இருந்திருக்கும், உள்ளே விழுந்திருக்கும். அதை ஏணியில் நின்ற அவரைத் தவிர வேறு யாரும் பார்த்திருக்க முடியாது. கீழே குரியன் எழும்பி, அறுபத்துமூன்று வயதில் எவ்வளவு எழும்ப முடியுமோ அவ்வளவு எழும்பி, இரண்டு கையாலும் பந்தைப் பிடித்துக்கொண்டான். ஆவுடையப்பன் விசிலை ஊதினார். பயன்படாமல் இருந்த விசில், முதலில் காற்றும் தூசியும்தான் வந்தது. இரண்டாம் தரம் ஊதினதுதான் கேட்டது.

அறுபத்தொன்பதுக்கு அறுபத்தெட்டு. தோற்றுப்போனோம்.

சாகுல் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தான். சிமெண்டு கொதித்துக்கொண்டிருந்தது, அவன் எழுந்திருக்கவில்லை. பிறகு மற்றவர்கள் உட்கார்ந்தார்கள், ஒருவன் தரையைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒருவன் பக்கத்தில் இருந்தவன் தோளைப் பிடித்துக்கொண்டு. குரியன் கடைசியாக உட்கார்ந்தான், பந்தை மடியில் வைத்துக்கொண்டு. வேலியோரத்துப் பிள்ளைகள் கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள். டீக்கடைக்காரர் போய் ஆறு டீ கொண்டுவந்தார். உட்கார்ந்து டீ குடிப்பது மறந்துபோயிருந்ததால் எல்லோரும் சட்டையில் சிந்திக்கொண்டார்கள்.

வீட்டுக்குத் திரும்பியபோது பெட்டி மூடியிருந்தது. மணி இரண்டு பத்துக்குக் கை தானாக இறங்கி நெஞ்சுமேல் வந்தது என்றார்கள். ஜெபக்கனி உள்ளறையில் தனியாக இருந்தாள். எப்படிச் சொல்வது என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆவுடையப்பனைப் பார்த்து அவளே கேட்டாள்.

“எறங்கிட்டா?”

“எறங்கிட்டும்மா. விழல. முன்னால பட்டு வெளிய போயிட்டு.”

“தெரியும்” என்றாள் அவள். “கைய விட்டப்பவே குறைவுன்னு அவுகளுக்குத் தெரிஞ்சிட்டாம். கல்யாணத்தன்னைக்கே எங்கிட்டச் சொல்லிட்டாக. மேல கெடக்குற வரைக்கும் சாகுல் ஜெயிச்சவன்தான், எல்லாப் பயலும் ஜெயிச்சவன்தான், கெடக்கட்டும்னு சொல்லுவாக.”

குறைவு இல்லை, அன்றைக்கு இருந்த வளையத்துக்கு அது சரியாகத்தான் வந்தது என்று சொல்ல ஆவுடையப்பன் வாயெடுத்தார். பிறகு அவள் கையிலிருந்த கொசுவலை முனையைப் பார்த்தார். சொல்லவில்லை. நாலு மணிக்கு அடக்கம் நடந்தது. சாகுலும் மற்றவர்களும் கல்லறைத் தோட்டத்தில் கிடைத்த கல்லில் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள், துக்க வீட்டில் இப்படியா என்று சிலர் முகம் சுளித்தார்கள். பொழுது சாய அவர் வீட்டுக்குப் போய்ச் சைக்கிளைச் சாத்திவிட்டு, வாசலில் நின்று, யாரும் கேட்காமலே ‘எறங்கிட்டு’ என்றார்.

அடுத்த வருடக் கையேட்டில் எழுபத்தெட்டுக்கு நேரே ‘இரண்டாம் இடம்’ என்று அச்சானது. பழைய மைதானத்தில் இப்போது முதலாண்டுப் பிள்ளைகள் ஆடுகிறார்கள். வடக்குப் பலகையில், வளையத்தின் போல்ட்டுகளுக்கு மூன்று விரற்கடை கீழே, நான்கு துளைகள் இருக்கின்றன.